அமுக்கு, பிடி, விடு

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது
பதினோராம் வளைவில் பெடல் கொழகொழத்தது.
ஏழாம் வளைவில் தரையைத் தொட்டது.
கைப்பிரேக்கை இழுத்துச் சுவரோரம் உரசி நின்ற இடத்தில்
மூன்று குரங்குகள்
எங்கள் ஆரஞ்சுப் பையை மட்டும் கவனித்தன.

"நியூட்ரல்ல இறங்காதீங்கன்னு சொன்னேன்" என்றேன்.
"ஓஸ் போயிருக்கும்" என்றார் மகிமை.
அதற்குப் பின் ஒன்பது நாள்
வீட்டில் மிக்ஸிதான் பேசியது.

பத்தாம் நாள் ஞாயிறு.
கோரிமேட்டுச் சந்தில் வண்டியை ஜாக்கில் ஏற்றினோம்.
ஹாலோ பிளாக்கை உருட்டிக்கொண்டு வந்தார்.
நொறுங்கும் என்று சொல்லவில்லை.
பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்த இரும்பு ஸ்டாண்டைக்
காலால் தள்ளினேன், புரிந்துகொண்டார்.

அவருக்கு இடுப்பு வலி. அடியில் போனது நான்.

மாக்னசைட் வெள்ளைத்தூசு கண்ணில் உதிர்ந்தது.
பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக்குழாய்
துரு ஊறி, தொட்டால் செதில் செதிலாய் வந்தது.
அதன் நட்டு திரும்ப மறுத்தது.
மண்ணெண்ணெய் விட்டேன். காத்திருந்தேன்.
சர்ச்சில் இரண்டாம் பூசைக்கு மணி அடித்தது,
இருவரும் கேட்காததுபோல் இருந்தோம்.
ஸ்பானரைச் சுத்தியலால் ஒரு தட்டு.
கிறீச்சென்று
விட்டுக்கொடுத்தது நட்டு.

முன்சக்கரத்து ரப்பர் ஓஸை மடக்கிப் பார்த்தேன்.
உதட்டு வெடிப்புபோல் சுற்றிலும் கீறல்.
ஒரு பக்கம் புடைத்து மெத்தென்றிருந்தது:
மிதித்த மிதியெல்லாம்
சக்கரத்துக்குப் போகாமல் இங்கே வீங்கியே செலவாகியிருக்கிறது.
மகிமை சொன்னது சரிதான்.
(நான் சொன்னதும் சரிதான்.)
ஓஸை வெளியே உருட்டிவிட்டேன்.
எடுத்தார், வெயிலில் திருப்பிப் பார்த்தார்,
ஜெயித்த முகம் காட்டவில்லை.
அதற்கு ஒரு மதிப்பெண் போட்டேன் மனசுக்குள்.

ஐந்து ரோட்டில் வாங்கிய புது ஓஸ்,
லேத்தில் வளைத்து வந்த புதுக்குழாய்,
இரண்டு பக்கமும் புது செம்பு வாஷர்.
எல்லாம் பூட்டிவிட்டேன்.
இனி காற்றை எடுக்கவேண்டும்.
அதற்கு ஒரு ஆள் போதாது.

ஆஸ்பத்திரியில் பதினாறு வருடம்
டிரிப் குழாயைச் சுண்டிச் சுண்டிக் குமிழி ஓட்டியவள் நான்.
காலாவதியான ஒரு டிரிப் குழாயையே
நிப்பிளில் மாட்டி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் விட்டேன்.
தூரத்துச் சக்கரம் முதலில், இடது பின்பக்கம்.

"அமுக்கு."
ஒன்பது நாளுக்குப் பின் முதல் சொல்.
மரியாதை விகுதி எங்கோ உதிர்ந்திருந்தது.
அமுக்கினார்.
நிப்பிளைத் திறந்தேன், நுரையாய்க் கொப்பளித்தது,
மூடுவதற்குள் காலை எடுத்துவிட்டார்.
போன காற்றெல்லாம் திரும்ப உள்ளே.

"நான் சொல்றவரைக்கும் விடக்கூடாது."
"சொன்னாத்தானே தெரியும்."

அமுக்கு. பிடி. விடு.
அமுக்கு. பிடி.
அடியிலிருந்து கேட்டேன்: "பிடிச்சிருக்கா?"
மேலே சற்று நேரம் சத்தமில்லை.
"பிடிச்சிருக்கு" என்றார்.

காலால் பெடலைப் பிடித்திருப்பவன்
பிடிச்சிருக்கேன் என்றல்லவா சொல்லவேண்டும்.
நான் திருத்தவில்லை.
ஸ்பானரைக் கால் சுற்று திருப்பினேன்.
இந்தமுறை குமிழி இல்லை,
தேன்நிறத்தில் நூல்பிடித்தாற்போல் எண்ணெய்.

நான்கு சக்கரமும் முடிய இரண்டரை மணி.
பெடல் கல்லாய் நின்றது.
சந்து முனைவரை ஓட்டி, படுத்திருந்த நாய்க்கு
பத்தடி முன்னால் நிறுத்திக் காட்டினார்.
நாய் எழவில்லை.
"அடுத்த வாரம் மேலே போலாமா?"
"செகண்ட் கியர்ல இறங்குறதா இருந்தா."

ராத்திரி, ஒழுகினால் தெரியட்டும் என்று
நான்கு சக்கரத்துக்கும் அடியில்
பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்துப் போட்டேன்.
தூக்கம் வரவில்லை.
இரண்டு மணிக்கு டார்ச்சோடு குந்திப் பார்த்தேன்.
மூன்று அட்டை காய்ந்திருந்தன.
நான்காவதில் ஒரு துளி.
விரலில் தொட்டு முகர்ந்தேன்.

காபி.
எனக்கு முன்பே வந்து குந்தியிருக்கிறார்.