கட்டண விபரம்

வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில்
லமினேட் பண்ணிய ஒரு பட்டியல்.
நான்தான் தட்டச்சு செய்தேன், மூன்று வருடத்துக்கு முன்.
இரவு பஸ், காலை ரயில், பலாலி விமானம்,
ஓட்டோ (முதலே பேசிக்கொள்ளவும்),
சைக்கிள் நாளொன்றுக்கு இவ்வளவு.
விலைகளை மட்டும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி
நாலு தடவை மாற்றியாயிற்று.
அந்த இடம் தடித்துப்போய்
ஆறின காயம்போல் விரலில் தட்டுப்படும்.

போன கிழமை ஒருவர் சென்னையிலிருந்து வந்தார்.
வானத்தில் ஒரு மணித்தியாலம் சொச்சம்,
சட்டை கசங்கவில்லை.
அதே காலை கொழும்பிலிருந்து வந்த பெடியன்
இரவு முழுக்கக் குலுங்கி, கழுத்துப் பிடித்து,
சூட்கேசுக்கு மேலேயே நித்திரையானான்.
பதிவுப் புத்தகத்தில் ‘நாடு’ என்ற கட்டத்தை
இருவருக்கும் நிரப்பினேன்.
‘தூரம்’ என்று அதில் கட்டம் இல்லை.

நெடுந்தீவுக்கு எப்படி என்று கேட்பார்கள்.
குறிகட்டுவான் வரைக்கும் பஸ், பிறகு படகு,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன்.
படகுக்கு ஒரு பெயர் உண்டு, பெயருக்கு ஒரு கதையும் உண்டு.
அவர்கள் கேட்பது
திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்பதை.
அதைச் சரியாகச் சொல்லிவிடுவேன்.

இனேஸ் தனியாக வந்தவர்.
அறுபத்திரண்டு வயது, முழங்காலில் உறைப்பட்டி,
போர்த்துக்கல்.
“கதிரையில இருங்கோ” என்று
வாய்தவறித் தமிழில் சொல்லிவிட்டேன்.
இருந்தவர் எழும்பிவிட்டார்.
அவருடைய குசினியிலும் அதற்கு
ஏறக்குறைய அதே பெயர்தானாம்.
நானூறு வருடத்துக்கு முன் கப்பலில் வந்த சொல்.
திரும்பிப் போக டிக்கெட் எடுக்கவில்லை.

கசூரினாவுக்குச் சைக்கிள் கேட்டார்.
சோளகம் அடிக்குது, பொன்னாலைப் பாலத்தில்
ஆளையே தள்ளும், ஓட்டோ பிடித்துத் தாறன் என்றேன்.
எங்கள் கடலில் இதைவிடக் காற்று என்றார்.
பிரேக்கை இரண்டு தரம் பிடித்துப் பார்த்தார்.
போய்விட்டார்.

நாலு மணி. ஐந்து மணி.
முதலாளி சற்குணராசா சைக்கிளைப் பற்றிக் கேட்டார்.
ஐந்தரைக்கு நான் ஆளைப் பற்றிக் கேட்டு
காரைநகர்ச் சந்தியில் ஓட்டோ ஓடும் தவநேசனுக்கு
அழைப்பெடுத்தேன்.
“வெள்ளைக்காரப் பொம்பிளையோ? கண்டனான்,
சைக்கிளை உருட்டிக்கொண்டு போறா,
ஏறுங்கோ எண்டன், மாட்டனெண்டிட்டா.”

ஆறு தாண்டி, தெருமுனையில்
டக் டக் டக் டக் என்று ஒரு சத்தம்.
லான்ட்மாஸ்ரர்.
பெட்டி நிறையச் சின்ன வெங்காய மூட்டை,
மேலே சக்கரம் வளைந்த எங்கள் சைக்கிள்,
அதற்கும் மேலே, சங்கானைத் தோட்டக்காரர் ஒருவரின்
சாரத்தைத் தலைப்பாகையாய்க் கட்டிக்கொண்டு,
செம்மண் படிந்த முகத்தோடு இனேஸ்.

இறங்கினார். நொண்டினார்.
நேரே பட்டியலுக்கு முன்னால் போய் நின்று
மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினார்.
“இது ஏன் இதில் இல்லை?”

தோட்டக்காரர் எஞ்சினை நிற்பாட்டவில்லை.
காசு வேண்டாம் என்று கையால் காட்டினார்.
திருநெல்வேலிச் சந்தைக்குப் போகிற வழிதானே,
வளைவுகளில் மூட்டை சரியாமல்
அவ பிடிச்சுக்கொண்டு வந்தவ, கணக்குச் சரி என்றார்.

அன்றிரவு பட்டியலின் அடியில்
பேனையால் ஒரு வரி சேர்த்தேன்.
முதலாளிக்குப் பிடிக்கவில்லை.
லமினேட்டில் மையும் நிற்பதில்லை,
கூட்டித் துடைக்க வருகிற நாகேஸ்வரியின் துணியோடு
விடிய அது போய்விடும்.
எட்டு மணிக்கு வந்ததும் திரும்ப எழுதுகிறேன்:

லான்ட்மாஸ்ரர். நேரம்: தெரியாது.
கட்டணம்: வெங்காய மூட்டையைப்
பிடித்துக்கொள்ளவும்.