எண்பது கண்ணிகள்

ஞாயிறு. அடுப்பு அணைந்து ஆறு மணி நேரம்.
கூரைக்குக் கீழே இன்னும் நாற்பது டிகிரி.
நானும் ராசிமும் ஏணியை உருட்டிக்கொண்டு போகிறோம்.
அவனிடம் கிரீஸ் துப்பாக்கி,
என்னிடம் அளவுகோல், சுண்ணக்கட்டி,
சரியாகத் தூங்காத கண்.

நானூற்றுப் பதினெட்டு மீட்டர் சங்கிலி.
துணி துவைக்கும் எந்திரங்களின் வெற்றுக் கூடுகளை,
நாளைக்கு மூவாயிரம் கூடுகளை,
கொக்கியில் மாட்டிக்கொண்டு
வர்ணத்துக்குள், அடுப்புக்குள், வெளியே,
முப்பத்தொரு வருஷமாக
அதே சுற்று.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏரி.
நிலக்கரி எடுத்த இடம் உள்வாங்கித் தண்ணீர் வந்து நின்றது.
ஸ்லோவேனியாவின் இந்த மூலையில்
கீழே எடுத்தால் மேலே ஏதோ இறங்கும் என்பது
குழந்தைக்கும் தெரியும்.

பத்துக் கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளக்கிறேன்.
புதிதில் ஆயிரம் மில்லிமீட்டர்.
இன்று ஆயிரத்துப் பத்தொன்பதரை.
"பாரம் இழுத்து இழுத்து நீண்டுபோச்சு" என்கிறார் ஓஷ்பே,
புது மேலாளர், கீழே நின்று அண்ணாந்தபடி.
இரும்பு அப்படி நீளாது, ஓஷ்பே.
ஆணிக்கும் துளைக்கும் நடுவில்
மயிரிழை மயிரிழையாகத் தேய்கிறது.
தேய்ந்ததுதான்
நீளமாகத் தெரிகிறது.

போன வருஷம் அதிர்வு அளக்கும் கருவி வாங்கினார்கள்.
எப்போதும் பச்சை விளக்கு. நல்ல பிள்ளை.
மோட்டாரின் நாடியைப் பிடிக்கும்;
வளைவில் அறுநூற்றுப் பதினாலாம் சக்கரம்
உருளாமல் சறுக்கிக்கொண்டு போவது
அதற்குக் கேட்காது.
ராசிமுக்குக் கேட்டது, வியாழன் சாப்பாட்டு வேளையில்.
வாயில் ரொட்டியோடு கையை உயர்த்தி
"அதோ" என்றான்.
இப்போது விரலால் தடவுகிறேன்.
ஒரு பக்கம் தட்டை. தண்டவாளத்தில் நகக்கீறல்.
கிரீஸ் கூடினால் வெள்ளை வர்ணத்தில் சொட்டும்,
குறைந்தால் அடுப்பு குடித்துவிடும்.
இரண்டுக்கும் திட்டு வாங்கியிருக்கிறோம்.

"இன்னும் எத்தனை வருஷம் ஓடும், நெவெங்கா?
ஒரு எண் சொல்லு, அறிக்கையில் போட."

மூன்று என்று சொல்லலாம். ஏழு என்றும்.
சக்கரத்தை மாற்றிவிட்டு இறங்கி
அவரை என் அலமாரிக்குக் கூட்டிப்போனேன்.
கீழ்த்தட்டில் தகரப் பெட்டி, ஒருவரால் தூக்க முடியாது.
தொய்வை வாங்கும் திருகு கடைசிக்கு வரும்போதெல்லாம்
நானும் எனக்கு முன்னிருந்தவரும்
இரண்டிரண்டாகக் கழற்றிய கண்ணிகள்.
எண்பது.
கோத்துப் போட்டால் எட்டு மீட்டருக்குக் குறையாது.

மேலே சங்கிலி இன்றும் நானூற்றுப் பதினெட்டு.
ஒரு சாண் குறையவில்லை.

அவர் பெட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்,
விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்.
"அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?"

ராசிம் தன் கை துடைத்த துணியை
விரித்துக் காட்டினான்.
கறுப்பு.

அறிக்கையில் என்ன எழுதினாரோ.
என் நோட்டில் நான் எழுதியது:
614, சக்கரம் மாற்றியாயிற்று.
மூன்றாம் வளைவுத் தண்டவாளம்,
அடுத்த ஞாயிறு மறுபடி பார்க்க.