முப்பத்தொரு கிராம்

சியோப் சந்தையில் பனி கறுத்துக் கிடந்த காலை
அண்ணனும் தம்பியுமாய் வந்தார்கள்.
தராசின் மேல் போர்த்திய துணியைக்கூட
நான் இன்னும் எடுத்திருக்கவில்லை.

பெரியவன் தவ்லத்யார்.
கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து வைத்தான்.
வெள்ளி.
ஒரு பக்கம் அந்த நொண்டி வேந்தன்,
குதிரைமேல் ஏற்றியிருந்ததால் நொண்டல் தெரியவில்லை.
மறுபக்கம் பஞ்சுச்செடி, ஒற்றைப் பூவோடு.

அப்பாவுக்குக் கொடுத்தார்களாம்,
பஞ்சாலையில் முப்பத்தாறு வருடம் இருமியதற்கு.
கண்ணாடிப் பேழைக்குள், நீலப் பட்டுமெத்தையில்.
அவர் சாகும்வரை யாரும் அதைத் தொட்டதில்லை.

"பேழை எங்கே?" என்றேன்.
சின்னவன், எர்கின்போய், தன் காலணியைப் பார்த்தான்.
"உடைத்துவிட்டோம். சுண்டிப் பார்க்க."

ஒருவன்தான் போக முடியும் மாஸ்கோவுக்கு.
மற்றவன் இங்கே அம்மாவோடு, மாட்டோடு, கடனோடு.
பூ விழுந்தால் மூத்தவன்,
தலை விழுந்தால் இளையவன்.
விழுந்தது தலை.

அவன் எந்தக் காலத்தில் பூ கேட்டான் என்று
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.
ஊர் ஊராய்த் தலைகளை அடுக்கிக் கோபுரம் எழுப்பியவன்.
நான் படித்த பள்ளியில் அவன் பெயரைச் சொல்லவே கூசுவார்கள்;
இப்போது அவன் சிலையடியில் மணமக்கள் படமெடுக்கிறார்கள்.

டமாஸ்கஸிலிருந்தும் டெல்லியிலிருந்தும்
கொல்லரை, கொத்தரை, தட்டாரை
கயிறு கட்டி இழுத்துவந்தான் இந்த ஊருக்கு.
எங்கள் வம்சமே அந்தக் கயிற்றில் வந்ததுதான் என்பார்கள்,
சான்று ஒன்றும் கிடையாது.
இன்று இவ்வூர்க் கொத்தர்கள் வரிசையில் நின்று
தாமே காசு கொடுத்துப் போகிறார்கள்.
கயிறு மிச்சம்.

உரைத்தேன். நிறுத்தேன்.
முப்பத்தொரு கிராம், கொஞ்சம் தூசு.
"பேழையோடு வந்திருந்தால் மூன்று மடங்கு.
விரல் பட்டுவிட்டது. தரையில் விழுந்து
குதிரையின் முன்னங்கால் நசுங்கிவிட்டது.
இனி வெள்ளி விலைதான்."
நாணயமாகத்தான் சொன்னேன்.

"அவரும் நொண்டி, குதிரையும் நொண்டியா?"
என்று தவ்லத்யார் சிரித்தான், கொஞ்சம் அதிகமாகவே.
தம்பி சிரிக்கவில்லை. பணத்தை இரண்டுமுறை எண்ணினான்.
பாதி வழிக்குத்தான் வரும்.
மீதிக்கு எதை விற்றார்களோ, நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் இருட்டியபின் பெரியவன் மட்டும் வந்தான்.
தொப்பியில் ரயில் நிலையத்துக் கரி.
"போய்விட்டானா?"
"ம்."
நெடுநேரம் கதவருகே நின்றான்.
"காசு அலமாரிக்கடியில் உருண்டுவிட்டது.
நான்தான் குனிந்து எடுத்தேன்" என்றான்.
பிறகு, "பூ" என்றான்.
பிறகு, "அதைத் திரும்பக் கொடுங்கள்,
அவன் கொடுத்த விலைக்கு மேலே வைத்துத் தருகிறேன்."

ஒரு மணப்பெண்ணுக்கு வளையல் கேட்டிருந்தார்கள்,
வெள்ளிக்கிழமைக்குள்.
உலையைக் காட்டினேன்.
மூசையில் வேந்தனும் குதிரையும் செடியும்
ஒரே வெளிச்சமாய் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

உற்றுப் பார்த்தான்.
பிறகு கையுறையைக் கழற்றி
இரு கைகளையும் அந்தச் சூட்டின் பக்கம் நீட்டினான்.
வெளியே அவ்வளவு குளிர்.