மூன்றாம் டிரம்

பெட்ரோல் போயிற்று. டீசல் போயிற்று.
விமானத்துக்கு உரியது விமானத்துக்கு.
கோபுரத்தின் அடியில்
எவருக்கும் வேண்டாமல் கிடந்தது
கறுத்த, கொழகொழத்த ஒரு சோம்பல்.
அதை இங்கே தள்ளிவிட்டார்கள்.

லூசியானா. கால்கஷூ ஆற்றங்கரை.
இரவு இரண்டேகால்.
நூற்றைம்பது அடி உயரத்து இரும்புத் தளத்தில்
வெர்லீன் கிட்ரி நிற்கிறாள்,
கையுறைக்குள் ஊறிய விரல்களோடு.

உலைக்குழாயில் அது நிற்கக்கூடாது.
ஐந்நூறு டிகிரியில் கொஞ்சம் தயங்கினாலும்
அங்கேயே கட்டிதட்டிவிடும்.
ஓடு ஓடு என்று நீராவி முதுகில் தள்ள,
உடைய வேண்டியதை ஒத்திப்போட்டு
டிரம்முக்குள் வந்து விழுந்த பிறகுதான்
உடைகிறது.
அண்ணன் செத்த சேதி வந்த அன்று
வெர்லீனும் அப்படித்தான்:
ஷிப்ட் முடித்து, முப்பது மைல் ஓட்டி,
வீட்டு வாசலில் இஞ்சினை அணைத்த பிறகு.

லேசானதெல்லாம் ஆவியாய் மேலே போகும்.
போகமுடியாதது அடுக்கடுக்காய் இறுகும்,
பதினாறு மணி நேரம்.
பிறகு வால்வைத் திருப்பினால் பக்கத்து டிரம்.
இது நிறைந்தால் அது, அது நிறைந்தால் இது,
கிறிஸ்துமஸ் அன்றைக்கும்.

நிறைந்ததை நீராவியில் அலசி,
தண்ணீர் விட்டு ஆற்றி,
வடித்து,
மேல்மூடி கீழ்மூடி திறந்து…
இப்படி முடியாமல் நிற்கும் வினைக்குத்
தமிழில் எச்சம் என்று பேர்.
மிஞ்சியதற்கும் அதே பேர்.
பறவை போட்டதற்கும்.
வெர்லீனுக்குத் தமிழ் தெரியாது.
அவள் இதைக் கிழவி என்பாள்;
இன்னிக்குக் கிழவி அடம்பிடிக்கிறா என்பாள்.

முதலில் நட்டநடுவே ஒரு துளை, கீழ்வரைக்கும்.
அப்புறம் பக்கவாட்டில் பாயும் தண்ணீர்;
கத்தி தோற்கும்.
உள்ளே ஒன்றும் தெரியாது, வெறும் ஆவி.
காதால்தான் வெட்டவேண்டும்.
கரியில் பட்டால் ஊமையடி.
சுவரில் பட்டால் இரும்பு கணீரென்னும்:
அங்கே சுத்தம், ஓரடி இறக்கு.

அதிர்வுமானி வாங்கியிருக்கிறார்கள்.
எலியஸ் லதியோலே கீழறையில் திரையைப் பார்த்து
வானொலியில் சொல்கிறான்: நாற்பது சதம், நல்லா போகுது.
இல்லை, என்கிறாள். கிழக்குப் பக்கம் தொங்குது.
சரிந்தால் தண்டு புதையும். தூக்கு.

தூக்கிக் காத்திருந்தார்கள்.
ஆறு நிமிஷம்.
ஒன்றும் சரியவில்லை.
எலியஸ் சிரிக்கவில்லை;
சிரிக்காமல் இருந்தது அவளுக்குக் கேட்டது.

மறுபடி இறக்கினார்கள்.
அடிவாயில் கொட்டியது பாளம் பாளமாய் அல்ல,
குண்டு குண்டாய், மிளகும் கோலியுமாய்,
கூரைமேல் ஆலங்கட்டி கொட்டுவதுபோல்
பள்ளம் முழுக்க உருண்டது.
கச்சா எண்ணெய் மாறியிருக்கிறது.
எங்கோ ஒரு மேசையில்
மலிவான கனத்த சரக்கு ஒன்றுக்குக் கையெழுத்தாகியிருக்கிறது.
மேல்தளத்துக்கு யாரும் சொல்லவில்லை.
அவள் காதுதான் முதலில் கேட்டது,
தப்பான பெயரில்.

இது அலுமினிய உருக்காலைக்கு ஆகாது.
சூளையில் சுட்டு மின்முனை செய்ய
நல்ல பஞ்சுக்கரி வேண்டும்.
படகேறி எந்தக் கடல் தாண்டியோ
சிமெண்ட் எரிக்கப் போகும் இது.

நாலு மணிக்குச் சாப்பாட்டறை.
அலுமினியத் தாளைப் பிரித்து
ஆறிப்போன இறால் ரொட்டியை வைத்துவிட்டு
பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள்.
மேசையில் மூன்று குண்டுகள்.
ஒன்றை எலியஸ் விரலால் சுண்டினான்.
அது சுவரோரம் உருண்டு
குளிர்பெட்டிக்கு அடியில் போயிற்று.
யாரும் குனியவில்லை.
நாலாம் டிரம் நிறைந்துகொண்டிருந்தது.