சலவைக் கடையில் பனி

பாடாங் செராய் முச்சந்தியில்
இருபத்துநாலு மணி நேர டோபி.
எட்டு இயந்திரம், ஒன்று எப்போதும் பழுது.
இரவு பத்திலிருந்து ஆறு வரை
சில்லறை மாற்றித் தருவது என் வேலை.
மேசையில் உலக இலக்கியம்.
எனக்கு முன் படித்த யாரோ
தன்னைத்தானே சோதித்துக்கொள்ள
கவிஞர் பெயர்களின்மேல் எல்லாம்
கறுப்பு மை பூசியிருக்கிறார்கள்.
நாட்டை மட்டும் விட்டுவைத்து.

போன வாரம் பாலைவனத்தை முடித்தேன்.
இன்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், வடக்கே எங்கோ.
ஒருத்தி கதவைத் திறக்கிறாள்.
வந்து போனவனின் தடத்தைப்
பனி மூடிக்கொண்டிருக்கிறது.
அவ்வளவுதான் கவிதை.
அடிக்குறிப்பு ஒன்று:
அவன் அணிந்திருந்தது ரப்பர் பூட்ஸ்.
அந்த ரப்பர் எங்கிருந்து போனது என்பதற்கு
அடிக்குறிப்பு இல்லை.
எங்கள் தோட்டத்துப் பால் என்று
பென்சிலால் எழுதினேன்,
பிறகு ஒரு கேள்விக்குறி போட்டேன்.

கீழே வினா:
மொழிபெயர்ப்பில் இழப்பது யாது? பத்துப் புள்ளி.

மலாயில் எழுதிப் பார்த்தேன். சல்ஜி.
குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல
யார் கையும் படாத சொல்.
தமிழில் எழுதினேன். பனி.
எழுதியதுதான் தாமதம்,
செம்பனை மட்டையில் விடிகாலை சொட்டுவது வந்தது,
மோட்டார் சைக்கிளில் ஏறுமுன்
'பனி எறங்குது, துண்டைக் கட்டு' என்ற
அம்மாவின் குரல் வந்தது,
கண் பனித்த யாரோ ஒருத்தியும் வந்தாள்.
ஒரு சொல்லைக் கூப்பிட்டால்
குடும்பத்தோடு வந்து நிற்கிறது.
யாரைத் திருப்பி அனுப்ப?

இரண்டரை மணிக்கு, தூறலில் நனைந்து
கையுறைத் தொழிற்சாலைக் காவலாளி
ககேந்திரா வந்தான், போர்வையோடு.
ஐந்தாம் நம்பரில் போட்டான்.
உங்கள் ஊரில் பனி விழுமா என்றேன்.
விழும்.
தடத்தை மூடுமா?
யோசித்தான். அவன் மலாயும் என் மலாயும்
பாதி வழியில் சந்தித்துக்கொண்டன.
'முதலில் மூடாது.
முதலில் காட்டிக் கொடுக்கும்.
ஆடு போன வழி, ஆள் போன வழி, எல்லாம்.
இன்னும் விழுந்தால்தான் மூடும்.'
சொல்லிவிட்டுத்
தேநீர் குடிக்க எதிர்க்கடைக்குப் போனான்.

அப்படியானால் அவள்
கதவை எப்போது திறந்தாள்?
தடம் தெளிவாக இருந்தபோது
உள்ளே நின்று என்ன செய்துகொண்டிருந்தாள்?
கவிதை அதைச் சொல்லவில்லை.
மூன்று மொழியிலும் சொல்லவில்லை.

உலர்த்தியின் வலையில்
வெள்ளைப் பஞ்சு திரண்டிருந்தது.
பனி போல என்று எழுத வந்தது.
எழுதவில்லை. அது துண்டின் அழுக்கு.

இந்தக் கடையின் விதி,
தரையில் மண் இருக்கக் கூடாது.
மாப்பை எடுத்தேன்.
அவளையே நினைத்தபடி
மேசையிலிருந்து வாசல் நோக்கித் துடைத்துக்கொண்டே போனேன்.
பாதியில்தான் கண்டேன்,
என் கைக்கு முன்னால்
ககேந்திராவின் செம்மண் தடம்
நாலே நாலு மிச்சம்.

நின்றேன்.
ஐந்தாம் நம்பர் கத்தியது.
போர்வையை எடுத்து மடித்தேன்.
சூடாக இருந்தது.
விடைத்தாளில் இன்னும்
கேள்வி எண் மட்டும்.