பாயிண்ட்

சளின்னுதான் நெனச்சேன்.
ஆனா எடது மூக்குல மட்டும்.
தொடச்ச துண்டு காஞ்சும் மொடமொடக்கல;
தலகாணியில நடுவே ரத்தப்பொட்டு,
சுத்தியும் வெளிறுன வளையம்.

வையப்பமலைத் திருப்பத்துல உளுந்தப்ப
ஹெல்மெட்டு டேங்கு மேல இருந்துச்சு.
அதுக்கு ஒரு கீறலும் இல்லீங்க.

"செங்கோட்டுவேலு, குனியுங்க"ன்னாரு
ஈரோட்டு டாக்டரு.
கண்ணாடிக் குழாய்ல சொட்டுச்சு.
"மூளையச் சுத்தி நிக்கிற தண்ணிம்மா.
அடி எலும்புல விரிசல்.
மூக்கு சிந்தக்கூடாது, முக்கக்கூடாது,
இனிக் குனியவே கூடாது.
பெரும்பாலும் தானா அடையும்."

அவரு சிரிச்சாரு.
பதினாறு வருசம் ரிக்கு வண்டி.
ஜபல்பூர்ல ஆயிரத்தி எரநூறடி எறக்கி
புழுதிய மட்டும் தின்னுட்டு வந்த மனுசன்.
"ஏனுங் டாக்டரு, இந்தப் பாயிண்ட்ட
எவன் தேங்கா வெச்சுப் பாத்தானுங்க?"

ராத்திரி, தலமாடு ஒசத்துன கட்டில்ல, தும்மல்.
அடக்காம வாயப் பொளந்து விடறாரு.
நான் எந்திரிச்சு
செல்போன் வெளிச்சத்துல துண்டத் தடவறேன்.
ஈரந்தான். நேத்தைக்குக் கொஞ்சம் கம்மி.

போரு வறண்டு போகோணும்னு வேண்டற
ரிக்குக்காரன் பொண்டாட்டி
திருச்செங்கோட்டுல
நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.