இடது மணிக்கட்டு

பர்னபியில் மழை.
ஆறாம் எண் கொட்டகைக்குள்
கலிஃபோர்னியாவின் வெயில்,
பன்னிரண்டு விளக்குகள் காய்ச்சி இறக்கியது.
மடியில் ஸ்டாப் வாட்ச், கழுத்தில் போலராய்டு,
கன்டினியுட்டி பார்ப்பவள் நான்.
கோப்பையில் எத்தனை மிடறு மிச்சம்,
சட்டையில் எந்தப் பொத்தான் திறந்திருந்தது,
கதவைத் தள்ளியது எந்தக் கை,
இதற்குத்தான் சம்பளம்.

தொடரில் நால்வர். வாரத்துக்கு ஓர் உலகம்.
ரோமாபுரி வீழாத உலகம்,
அச்சு எந்திரம் பிறக்காத உலகம்,
மரங்களுக்கு வாக்குரிமை உள்ள உலகம்.
செலவு குறைவென்று அது மட்டும் இரண்டு வாரம் ஓடியது.
எல்லா உலகுக்கும் ஒரே கார் நிறுத்துமிடம்,
அதே ஃபிர் மரங்கள்.
தெருப்பெயர்ப் பலகையை மட்டும் கழற்றி மாட்டுவோம்.

முதல் பருவம், மூன்றாம் வாரம்:
வெள்ளம் வடியாத ஓர் உலகில்
டொரன்ஸ் தன் தங்கையைத் தண்ணீருக்குக் கொடுத்தான்.
அவளுடைய கடிகாரம் நாலு இருபதில் நின்றுபோனது.
அதை இடது மணிக்கட்டில் கட்டிக்கொண்டான்.
எழுதியது அவ்வளவுதான்.
பிறகு எந்த உலகில் குளத்தைக் கண்டாலும்
அரையடி விலகி நடந்தது
ஹாமிஷ் பெல்குவார் தானாகச் சேர்த்தது.
அந்த அரையடியையும் குறித்து வைத்திருக்கிறேன்.

மூன்றாம் பருவத்துக்குப் புதிய எழுத்தாளர்கள் வந்தார்கள்.
இருபத்தேழாம் பக்கத்தில்
டொரன்ஸ் சிரித்தபடி ஆற்றில் குதிக்கிறான்.
கை தூக்கினேன்:
இவன் தண்ணீரில் இறங்க மாட்டானே.
ட்ரேவிஸ் ஓக்டன் பேனாவை மூடினார்:
"ஐலீன், அது வேறு உலகம் அல்லவா?"

அந்த ஒரு வாக்கியம்
எங்கள் எல்லோருக்கும் குடையானது.
தழும்பு வலக் கன்னத்துக்கு மாறினால்
வேறு உலகம்.
இறைச்சி தொடாதவள் எலும்பைக் கடித்தால்
வேறு உலகம்.
போன வாரம் காறித் துப்பிய தளபதியை
இந்த வாரம் முத்தமிட்டால்
வேறு உலகம், வேறு உலகம்.

உலகம் வேறுதான், சரி.
தாவி வருகிறவன் அவனேதானே
என்று சொல்ல நினைத்தேன்.
சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

வியாழக்கிழமை, பிட் ஆற்றுப் பாலம்.
குதிக்கப் போவது சண்டைக்காரர் ஒருவர்,
கம்பியில் ஏறுவது மட்டும் ஹாமிஷ்.
முதல் டேக்.
வசனத்தைச் சொன்னான், சொன்னபடியே சிரித்தான்.
பிறகு தாளில் இல்லாத ஒன்றைச் செய்தான்:
கடிகாரத்தை அவிழ்த்து
கைப்பிடிச் சுவர்மேல் வைத்தான்,
தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல.
ஒன்றரை விநாடி.
இயக்குநர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் வயிறு குளிர்ந்தது.
அடுத்த காட்சியைத் திங்களே எடுத்துவிட்டோம்:
கரையேறிய டொரன்ஸ், ஈரத் தலை,
இடது மணிக்கட்டில் கடிகாரம்.
போலராய்டு சாட்சி, என் கையெழுத்தும் சாட்சி.
பதினோரு வருடத்தில்
இவ்வளவு பெரிய பிழையை நான் பார்த்ததில்லை.
மூன்று பருவத்தில்
இவ்வளவு சரியான ஒன்றையும் பார்த்ததில்லை.

"பொருந்துகிறதா, ஐலீன்?"
ஹாமிஷ் என்னைப் பார்க்கவில்லை.
கம்பியிலிருந்து இறங்கி
வெறும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.
பொருந்துகிறது, என்றேன்.
அப்படியே எழுதினேன்.
பென்சில் முனை ஒடிந்தது.

ஏப்ரலில் ஒளிபரப்பானது.
மே மாதம் சாஸ்கட்டூனிலிருந்து ஒரு கடிதம்,
கோடு போட்ட தாள், அழுத்தமான எழுத்து:
பாலத்தில் கழற்றி வைத்த கடிகாரம்
கரையில் கைக்கு எப்படி வந்தது?
இதையெல்லாம் பார்க்க அங்கே ஆள் கிடையாதா?
இப்படிக்கு, வெர்னா கொவால்ச்சுக்.

அலுவலகம் அதை என் மேசைக்குத் தள்ளிவிட்டது,
ஓரத்தில் ட்ரேவிஸின் கிறுக்கலோடு:
வேறு உலகம் என்று எழுதிவிடு.

மூன்று நாள் வைத்திருந்தேன்.
பிறகு எழுதினேன்:

அன்புள்ள வெர்னா,
கரையேறியதும் அவன் பாலத்துக்குத் திரும்பி நடந்தான்.
நல்ல மழை. கற்கள் வழுக்கின.
தண்ணீர்ப் பக்கம் பார்க்காமலே போய்
அதை எடுத்துக் கட்டிக்கொண்டான்.
நாங்கள் அதைப் படமெடுக்கவில்லை.